ஒய் அமுத்தட்டுங்களாண்ணா?

2019 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. ஈரோட்டில் வேறொரு வேலையாக இருந்தேன். காலை 9.40க்குக் கரூரிலிருந்து போன். நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் ஏற்றுமதி நிறுவனத்தின் சிஸ்டம் பையன். திரைச்சீலை, தலையணை உறை, மேசை விரிப்பு என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள்.

"அண்ணா, சர்வர் ஏறலைங்க. கருப்பா ஸ்கிரீன் வந்து என்னென்னமோ கேக்குது. ஒய் அமுத்தட்டுங்களா?"

"எத்தனை தடவை அமுத்துன?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாலு அமுத்திட்டனுங்க. அஞ்சாவதுல ஃபோர்ஸ்னு என்னமோ போட்டிருக்குதுங்க. பயமா இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்."

அந்த ஃபோர்ஸ் என்ற சொல்லுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். எதையும் தொடாமல் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தின் கடைசி இரண்டு வரிகளின் சாரம் இது: ஒரு பிளாக்கை (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டை) படிக்க முடியவில்லை, பிழையைப் பொருட்படுத்தாமல் போகலாமா? ஒய். வலுக்கட்டாயமாகத் திருப்பி எழுதவா? அதற்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாட்டை, சோதித்துச் சரிசெய்யும் லினக்ஸ் கருவி. அது கேட்கும் கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பயமான கேள்வி இது. டிஸ்க் படிக்க மறுத்த இடத்தில் என்ன இருந்தது என்று அதற்கே தெரியாது. "சரி" என்று சொன்னால், தன் கையில் இருக்கும் அரைகுறையை அந்த இடத்திலேயே எழுதிவிடும். அதுவரை அது படிக்கக் கஷ்டமான பிளாக். எழுதியபிறகு அது படிக்க முடிகிற குப்பை. முதலாவதை மீட்க வழி உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது.

"கன்ட்ரோல் சி அமுத்து. பிராம்ப்ட் வந்ததும் பவர் ஆஃப் பண்ணு. நான் வர்ற வரைக்கும் யாரும் ஆன் பண்ணக் கூடாது. முதலாளியே சொன்னாலும்."

பஸ் ஏறினேன். ஒன்றரை மணி நேரப் பயணம் முழுக்க 2013 நினைவுதான். அப்போது ஓர் அச்சகத்தின் சர்வர் இதே மாதிரி நின்றது. கேள்விக்கு மேல் கேள்வியாக வந்ததில் சலித்துப்போய், எல்லாவற்றுக்கும் தானே ஒய் சொல்லிக்கொள்ளும்படி ஆப்ஷன் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஃபைல் சிஸ்டம் சுத்தமாக இருந்தது. கோப்புகள்தான் இல்லை. இடம் தெரியாதவற்றை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் ஃபோல்டரில் பெயரில்லாமல், வெறும் எண்களாக ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை எது, கோயில் நோட்டீஸ் எது என்று பிரித்தே இடுப்பு ஒடிந்தது.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. எஃப்எஸ்சிகே-யின் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. உங்கள் டேட்டாவைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பு இல்லை. இரண்டும் ஒன்றாகவே போகிற நாட்கள்தான் அதிகம். போகாத நாளில், கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகச் சரக்கைத் தூக்கிக் குப்பையில் போடவும் அது தயங்காது.

கரூர் போய்ச் சேர்ந்தபோது மணி 11.30. என்ன நடந்தது என்று விசாரித்தேன். அன்று அந்தப் பகுதியில் மாதாந்திரப் பவர் ஷட்டவுன். 9 மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஆள் வந்து ஸ்டார்ட் பண்ண இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதுவரை யூபிஎஸ் தாங்க வேண்டும். பேட்டரி போட்டு நாலு வருஷம் ஆகிவிட்டதால் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. ஜெனரேட்டர் ஓடியதும் சர்வர் தானாக ஏறியது, ஜெனரேட்டர் ஒரு தடவை நின்றதும் விழுந்தது, மறுபடி ஏறியது. மூன்றாவது தடவை எழவில்லை.

கரண்ட் போய் ஃபைல் சிஸ்டம் கெட்டது என்று அங்கேயே கதையை முடித்துவிடலாம். பையனும் முதலாளியும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பையன் அனுப்பிய போட்டோவின் மேற்பகுதியில், கேள்விகளுக்கு முன்னால், லினக்ஸின் மையமான கெர்னல் துப்பிய வரிகள் சில இருந்தன. எஸ்டிபி என்ற டிஸ்க்கில் இன்புட் அவுட்புட் எரர். கரண்ட் போனதால் மட்டும் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருந்தால் இந்த வரி வராது. டிஸ்க்கே படிக்கத் திணறினால்தான் வரும். ஃபைல் சிஸ்டம் உடைந்தால் ரிப்பேர் பண்ணலாம். டிஸ்க் சாகும்போது ரிப்பேர் பண்ணுவது, மூச்சுத்திணறும் ஆளை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வது போல. முதலில் இந்த இரண்டில் எது என்று தெரிய வேண்டும். அதனால்தான் எது கெட்டாலும் முதல் வேலையாகத் திரையைப் போட்டோ எடுக்கச் சொல்கிறேன். ஸ்கிரோல் ஆகிப் போய்விட்டால் அந்த வரி திரும்பக் கிடைக்காது.

ஜர்னல் இருக்கும்போது ஏன் இப்படி ஆகிறது என்று முதலாளி கேட்கவில்லை. கணக்குப் பார்க்கும் அக்கா கேட்டார். "போன தடவ வந்தப்ப, கரண்ட் போனாலும் ஒண்ணும் ஆகாது, அதுல ஏதோ ஜர்னல் இருக்குதுன்னு சொன்னீங்களே தம்பி?"

சொன்னது உண்மைதான். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கேயும் எழுதுகிறேன். நீங்கள் முதலில் தினசரிக் குறிப்பேட்டில் எழுதுகிறீர்கள், அப்புறம் அதைப் பேரேட்டில் பதிகிறீர்கள். பேரேட்டில் பாதி பதியும்போது எழுந்து போக நேர்ந்தால், வந்து குறிப்பேட்டைப் பார்த்து மீதியைப் பதிந்துகொள்ளலாம். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னலும் அதேதான். ஆனால் சாதாரணமாக அந்தக் குறிப்பேட்டில் எழுதப்படுவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும். கோப்புக்குள் இருக்கும் சரக்கு அதில் வராது. அதோடு, பேரேட்டின் தாளையே கரையான் அரித்திருந்தால் குறிப்பேடு என்ன செய்யும்? அக்கா உடனே, "அப்ப கரையானா?" என்றார். ஆமாம், கரையான்தான்.

சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டி-யில் இருந்தது. டேட்டாவுக்கு இரண்டு 2 டிபி ஹார்டு டிஸ்க், ரெய்டு 1. ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒன்று போனாலும் மற்றது நிற்க வேண்டும். பின் ஏன் நிற்கவில்லை? எஸ்எஸ்டி-யில் இருந்த பழைய லாக்கைப் பார்த்தபோது எனக்கு வியர்த்தது. மார்ச் மாதமே ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றுவிட்டது. நான்கு மாதமாக ஒற்றைக் காலில் ஓடியிருக்கிறது.

ஒரு டிஸ்க் கழன்றால் எனக்கு மெயில் வர வேண்டும். நான்தான் அதை அமைத்தேன். மெயில் ஏன் வரவில்லை என்று தோண்டினால், அந்த மெயில் கணக்கின் பாஸ்வேர்டை மார்ச் தொடக்கத்தில் ஆபீஸில் மாற்றியிருக்கிறார்கள். சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. சர்வர் அலறி அலறிப் பார்த்து, மெயில் போகாமல் தனக்குள்ளேயே போட்டுவைத்திருந்தது. இது போதாதென்று, தினமும் இரவு பேக்கப் எடுக்கும் யூஎஸ்பி டிஸ்க்கை யாரோ மே மாதம் சாம்பிள் போட்டோ காப்பி பண்ணக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவேயில்லை. பேக்கப் நடக்கவில்லை என்ற மெயிலும் அதே குழிக்குள்தான் விழுந்தது. ஏழு வாரம்.

மெயில் வராததை நான் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். தப்பு முழுக்க என்னுடையது. இப்போது என் பொறுப்பில் உள்ள எல்லா சர்வரும் தினமும் காலை ஏழு மணிக்கு "நல்லா இருக்கேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். ரெய்டில் எத்தனை டிஸ்க், பேக்கப் எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தனை கோப்பு என்று மூன்றே வரி. அது வராத நாள்தான் எனக்கு அலாரம்.

சரி, கதைக்கு வருகிறேன். கையில் இருந்தவை மூன்று. இன்றைய டேட்டாவோடு சாகக்கிடக்கும் டிஸ்க் ஒன்று. ஏழு வாரம் பழைய யூஎஸ்பி டிஸ்க் ஒன்று. அதில் டாலி கணக்கும் பில்லிங் டேட்டாபேஸும் மட்டும்தான் உண்டு, டிசைன் கோப்புகள் பெரியவை என்பதால் சேர்க்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் ரெய்டிலிருந்து கழன்ற டிஸ்க் ஒன்று.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். ரெய்டு உடைந்திருக்கிறது என்று தெரிந்ததும் கை தானாகப் போவது, கழன்ற டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கத்தான். சேர்த்தால் என்ன ஆகும்? இருக்கிற டிஸ்க்கிலிருந்து அதற்கு எல்லாம் காப்பி ஆகும். அதாவது, சாகிற டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் படிப்பீர்கள், அதே நேரத்தில் நான்கு மாதம் பழையதானாலும் முழுசாக இருக்கும் ஒரே பிரதியை அழித்துக்கொண்டே போவீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. கெட்ட டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து பூட் செய்தால், அது சமர்த்தாக ஏறி நிற்கலாம். ஆபீஸில் "சரியாயிடுச்சு" என்று பில் போட ஆரம்பித்துவிடுவார்கள், மார்ச் மாதக் கணக்கின் மேல். அதைப் பிரிப்பது நரகம். அதனால் அதன் இரண்டு கேபிளையும் உருவி, மேலே "தொடாதே" என்று ஸ்டிக்கர் ஒட்டி, அக்காவின் மேசை டிராயரில் வைத்துப் பூட்டச் சொன்னேன். சாவி அக்காவிடம்.

அடுத்து முதலாளி. "எப்பங்க தம்பி ரெடியாகும்? 11ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும்." ஜூன் மாத விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்ய அதுதான் கடைசி நாள். முன்பெல்லாம் இந்த மாதிரிக் கேள்விக்கு "ஒரு மணி நேரத்துல பாத்துடலாங்க" என்பேன். அந்த ஒரு மணி நேரம் முடிகிறபோது வரும் பதற்றத்தில்தான் தப்பு நடக்கும். இந்தத் தடவை, "ராத்திரி எட்டு மணிக்கு எவ்வளவு தேறும்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி சொன்னா பொய்யா இருக்கும். இப்போதைக்குப் பில்லை நோட்டுல எழுதி, டெலிவரி சலான்ல சரக்கை அனுப்புங்க" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் திரும்பவும் கேட்கவில்லை. நேரம் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள்.

பையனை அனுப்பி 4 டிபி புது டிஸ்க் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். எட்டாயிரத்துச் சொச்சம். பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் ஆரோக்கியம் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை, பார்த்தேன். மொத்த ஆரோக்கியம் என்ற இடத்தில் "பாஸ்" என்று இருந்தது. அந்தப் பாஸை நம்பாதீர்கள். டிஸ்க் கிட்டத்தட்ட செத்த பிறகுதான் அது ஃபெயில் என்று சொல்லும். கீழே போய் 5, 197, 198 ஆகிய எண் கொண்ட வரிகளைப் பாருங்கள். 197 என்பது, படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டுகள். ஆரோக்கியமான டிஸ்க்கில் அது பூஜ்யம். இதில் 168.

இனி அந்த டிஸ்க்கை ஒரே ஒரு முறைதான் முழுசாகப் படிக்கப் போகிறேன், அதில் ஒரு பைட்டும் எழுதப்போவதில்லை. அதற்கு முதலில் டிஸ்க்கை ரீட் ஒன்லி ஆக்கினேன். இங்கே எனக்கே பல வருஷம் தெரியாமலிருந்த ஒரு விஷயம்: இஎக்ஸ்டி4-ஐ ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்தாலும் (கோப்புகளைப் பார்க்க மட்டும் திறந்தாலும்), ஜர்னலில் பாக்கி இருந்தால் அதை முதலில் டிஸ்க்கில் பதிந்துவிட்டுத்தான் மவுன்ட் ஆகும். பார்ப்பதற்கு மட்டும் என்று நினைத்துத் திறந்தாலும் எழுதிவிடும். அதைத் தடுக்க நோலோட் என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்க்கையே கீழ்மட்டத்தில் பூட்ட வேண்டும். நான் இரண்டையும் செய்வேன்.

இமேஜ், அதாவது டிஸ்க்கின் முழுப் பிரதி, எடுக்க குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி. அதே வேலைக்கான சாதாரண டிடி கருவி கெட்ட செக்டரில் முட்டினால் நின்றுவிடும். இது அப்படி இல்லை. படிக்க முடியாத இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப்போய், நல்ல இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடங்களுக்கு அப்புறம் பொறுமையாகத் திரும்பி வரும். எங்கே வரை வந்தோம் என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பின் பெயரைக் கொடுக்க மறந்தால் இந்த வசதி எதுவும் கிடையாது. மூலம் எது, பிரதி எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, பையனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டபிறகுதான் என்டர் தட்டினேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

2.30க்கு ஆரம்பித்தது. டிஸ்க்குக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்தேன். முதல் சுற்று முடிய 7.15 ஆனது. ஆறு ஏழு இடத்தில் நின்று, டக் டக் என்று தலை தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு மூச்சு நின்றது. எட்டு மணிக்கு முதலாளியிடம், "பெரும்பகுதி தேறிடுச்சுங்க" என்றேன். இரவெல்லாம் மறுமுயற்சியில் விட்டுவிட்டு அங்கேயே துணி மூட்டை மேல் படுத்தேன். விடியும்போது, 4 கிலோபைட் பிளாக் 13 தவிர மற்றதெல்லாம் வந்திருந்தது. 2 டிபி-யில் 52 கிலோபைட் மட்டும் இல்லை.

52 கிலோபைட்தானே என்று தோன்றும். எந்த 52 என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்குப் பிடிக்கும். டிடிரெஸ்க்யூவின் மேப் கோப்பு, டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் ஓட்டை என்று சொல்லும். அதிலிருந்து பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தைக் கழித்து, 4096ஆல் வகுத்தால் ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் எண். டீபக்எஃப்எஸ் என்ற கருவியிடம் அந்த எண்ணைக் கொடுத்தால், அது எந்த ஐநோடுக்கு (ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு கோப்புக்கும் தரும் உள் எண்ணுக்கு) சொந்தம் என்று சொல்லும். ஐநோடைக் கொடுத்தால் கோப்பின் பெயரைச் சொல்லும். கொடுத்தேன். சம்பந்தமே இல்லாத பெயர்கள் வந்தன. திறந்து பார்த்தால் அந்தக் கோப்புகள் முழுசாக இருந்தன. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டபிறகுதான் உறைத்தது: ரெய்டு தன் விவரங்களுக்காகப் பார்ட்டிஷனின் தொடக்கத்தில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும். இந்த ரெய்டில் அது 2,62,144 செக்டர், அதாவது 128 எம்பி. அதையும் கழிக்க வேண்டும்.

கழித்ததும் படம் தெளிந்தது. 13 பிளாக்கில் மூன்று காலி இடம், அங்கே எதுவுமே இல்லை. ஒன்பது பிளாக் ஒரே ஒரு டிசைன் கோப்புக்குள். கடைசி ஒன்று கோப்பே இல்லை, ஒரு ஃபோல்டரின் பட்டியல். டாலி டேட்டா இருந்த ஃபோல்டர்.

பையன் ஐந்தாவது கேள்விக்கு ஒய் சொல்லியிருந்தால் குப்பை எழுதப்பட்டிருக்கும் இடம் இந்தக் கடைசிப் பிளாக்தான். டிஸ்க்கால் கடைசிவரை அதைப் படிக்க முடியவில்லை என்பதால், இந்தத் தடவை விளைவு ஏறக்குறைய அதேதான் என்று பிறகு அவனிடம் சொன்னேன். ஆனால் அதற்குப் பின்னால் ஆறாவது, ஏழாவது, ஐம்பதாவது என்று கேள்விகள் வந்திருக்கும், எல்லாம் அந்தச் சாகிற டிஸ்க்கின் மேலேயே. அவன் முதலில் சொன்ன நான்கு ஒய்-யில் மூன்று, அழித்த கோப்புகளின் தேதியைத் திருத்தும் அற்ப விஷயம். நான்காவது, பிழையைத் தாண்டிப்போகச் சொன்னது. அவனை நான் திட்டவில்லை. எஃப்எஸ்சிகே-யை நீங்களே ஓட்டுங்கள் என்று திரையே சொன்னது, ஓட்டினான். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே.

இப்போதுதான் எஃப்எஸ்சிகே, அதுவும் இமேஜின் மேல் நேரடியாக இல்லை. இமேஜைப் பூட்டிவைத்து, அதன் மேல் ஓவர்லே ஒன்று அமைத்தேன். டிசைன் படத்தின் மேல் டிரேசிங் ஷீட்டை விரித்து அதில் திருத்துவார்களே, அதே மாதிரி. எழுதுவதெல்லாம் ஷீட்டில் விழும், அடியில் இருக்கும் படம் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லையென்றால் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று விரிக்கலாம். முதலில் எதையும் மாற்றாமல், என்னென்ன கேட்பாய் என்று மட்டும் சொல்லும் ஆப்ஷனில் ஓட்டினேன். எல்லாக் கேள்விக்கும் தானே நோ சொல்லிக்கொண்டு போகும். கேள்விகளை ஒரு கோப்பில் பிடித்து, டீ குடித்துக்கொண்டே படித்தேன். எல்லாமே அந்த ஒற்றை ஃபோல்டர் பட்டியலைச் சுற்றித்தான். அப்புறம்தான் நிஜமாக ஓட்டினேன், ஒவ்வொரு கேள்வியாகப் படித்து.

லாஸ்ட் பிளஸ் ஃபவுண்டில் ஐந்து ஃபோல்டர்கள் வந்து நின்றன. 2013 மாதிரி இல்லை இது. அங்கே கோப்புகளே அனாதையாகின. இங்கே ஃபோல்டர்கள் அனாதை. ஃபோல்டரின் பெயர் அதற்குள் இருப்பதில்லை, அதைத் தாங்கும் மேல் ஃபோல்டரின் பட்டியலில்தான் இருக்கும். பட்டியல் போனதால் பெயர் போனது, உள்ளே இருந்த கோப்புகள் தங்கள் பெயரோடு அப்படியே இருந்தன. டாலி ஈஆர்பி 9-இன் கோப்புகள் புள்ளி 900 என்று முடியும். ஐந்து ஃபோல்டரிலும் அவை வரிசையாக நின்றதைப் பார்த்தபோது, பக்கத்தில் யாருமில்லாததால் கை தட்டிக்கொண்டேன்.

ஆனால் எது எது? டாலியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று ஃபோல்டர் பெயராக இருக்கும், 10000, 10001 என்று. கோப்பின் தேதிகளை வைத்து யூகிக்க ஆரம்பித்திருந்தேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தார். தன் டயரியின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். பென்சிலில்: 10000 – 15-16. 10001 – 16-17. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் தெரியும். வருஷம் மாறிப்போய்விடக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார். என்னிடம் சர்வர் பற்றி இருந்த எந்த ஆவணத்திலும் அது இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் டாலி திறந்தது. இருப்பு, வரவு செலவு, ஜூன் மாத மொத்தம் எல்லாவற்றையும் அக்கா தன் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். செவ்வாய் காலை கரண்ட் போகும் முன் போட்ட இரண்டு பில் மட்டும் இல்லை. சலானைப் பார்த்துத் திரும்பப் போட்டார்கள். மைஎஸ்க்யூஎல்-லில் இருந்த பில்லிங் டேட்டாபேஸ் தானே சுதாரித்துக்கொண்டு ஏறியது, எல்லா டேபிளையும் சோதித்து முழு டம்ப் எடுத்துவைத்தேன். ரிட்டர்ன் வியாழன் மத்தியானமே போய்விட்டது.

பாக்கி அந்த டிசைன் கோப்பு. திறந்தால் பாதியில் கோடு கோடாக உடைந்தது. டிசைனர், "அது 2017-லேயே முடிச்சது சார், அதுக்கப்புறம் தொடவே இல்ல. ஆனா பையர் இப்ப ரிபீட் ஆர்டர் கேட்டிருக்காங்க" என்றார். அக்காவின் டிராயரைத் திறந்து, மார்ச்சில் கழன்ற டிஸ்க்கை வெளியே எடுத்து, அதையும் பூட்டிய நிலையில்தான் திறந்தேன். கோப்பு இருந்தது, அதே அளவு, அதே தேதி. இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ஓட்டை விழுந்த அந்த ஒன்பது பிளாக்கில் மட்டும் வித்தியாசம், மற்றபடி அச்சு அசல். செவ்வாய்க்கிழமை அவசரத்தில் அந்த டிஸ்க்கை ரெய்டில் திரும்பச் சேர்த்திருந்தால் இந்தக் கோப்பு உலகத்திலேயே இல்லை.

அப்புறம் செய்தவற்றில் பெரும்பாலானவை எல்லோரும் சொல்வதுதான். யூபிஎஸ் பேட்டரியை மாற்றினோம், பேட்டரி இறங்கினால் சர்வர் தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி யூஎஸ்பி கேபிளால் இணைத்தேன். ஜெனரேட்டர் வந்த உடனே சர்வர் தானாக ஏறுவதை பயாஸில் நிறுத்தினேன். கரண்ட் நிலைத்தபிறகு ஆள்தான் ஆன் பண்ண வேண்டும். மாதம் ஒரு தடவை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும். எந்தக் கோப்பு என்று அக்கா சொல்வார், அவர் வேண்டுமென்றே பழையதாகப் பார்த்துத்தான் கேட்பார். சர்வர் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பையனின் கையெழுத்து. போட்டோ எடு, கன்ட்ரோல் சி, ஆஃப், போன் பண்ணு.

கழன்ற அந்த டிஸ்க் மார்ச்சில் ஏன் கழன்றது என்று கடைசியாகத்தான் பார்த்தேன். அதன் ஸ்மார்ட் விவரத்தில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். நீண்ட சோதனையும் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஆனால் 199-ஆம் வரியில், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போகிற வழியில் கெட்டுப்போன தகவல்களின் எண்ணிக்கை ஆயிரங்களில் இருந்தது. சாட்டா கேபிளின் கிளிப் உடைந்து லூசாகத் தொங்கியிருக்கிறது. அதன் டேட்டாவை முதலில் வேறிடத்தில் எடுத்துவைத்தபிறகு, புது கேபிள் போட்டு, புது டிஸ்க்கோடு ஜோடி சேர்த்து ரெய்டில் விட்டேன்.

கேபிள் 120 ரூபாய். கணக்கில் எழுத வேண்டும், பில் எங்கே என்று கேட்டார் அக்கா.